சீல் இல்லாத பன்றி

என் கணவர் பெயர் பற்றிக். அவருக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணத்துக்கு முன் அதை நல்ல குணம் என்று நினைத்தேன். வராதவர் சொல்லாமல் இருந்தால்தான் அது நல்ல குணம். வராதென்று தெரிந்தும் சொல்லத் துணிந்தால் வீட்டுக்கு வருவது அவமானம். எங்கள் வீட்டுக்கு அது 1993 ஆகஸ்டில், புட்டோடும் பன்றிக்கறியோடும் வந்தது.

நியூசிலாந்தின் ஓக்லாந்தில் இருக்கிற மன்னார், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் எல்லோரும் மடு மாதா பெருநாளுக்குக் கோயில் மண்டபத்தில் கூடுவோம். பூசை முடிந்ததும் சாப்பாடு. அந்த வருஷம் காட்டுப் பன்றி தான் கொண்டுவருவதாகப் பற்றிக் இரண்டு மாதமாக எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். மன்னாரில் அவருடைய அப்பாவிடம் வேட்டைத் துவக்கு இருந்தது. இங்கே இவரும் லைசென்ஸ் எடுத்து ஒரு றைபிள் வாங்கியிருந்தார். வேலையிடத்து நண்பர்களோடு இரண்டு தடவை வடக்கே காட்டுக்குப் போனார். பெருநாளுக்கு முதல் நாள் கராஜுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இறைச்சி வெட்டினார். வெட்டித் தந்ததை நான் சமைத்தேன். அவ்வளவு கொழுப்புள்ள காட்டுப் பன்றியை நான் கண்டதில்லை. சந்தேகம் வந்தது, கேட்கவில்லை. அது என் பங்குக் குற்றம்.

மண்டபத்தில் எல்லோரும் ரசித்துத்தான் சாப்பிட்டார்கள், இரத்தினசிங்கத்தாரைத் தவிர. அவர் எங்கள் சங்கத் தலைவர். ஊரில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு அங்குலம் பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண். நான் எல்லர்ஸ்லியில் கட்டுப்பல் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறேன். அவர் வாயிலுள்ள மேல்வரிசை என் கையால் செய்தது. அந்தப் பல்லாலேயே என் கறியை மென்றுகொண்டு அவர் கேட்டார்:

"பற்றிக், தலை எங்கை? சுட்டவனுக்குத் தலை எண்டதெல்லோ எங்கட வழக்கம்?"

"தலையை... நாய்க்குக் குடுத்திட்டன் அண்ணை."

"ஆற்ரை நாய்க்கு?"

பற்றிக் விழித்தார். எங்களிடம் நாய் இல்லை. இரத்தினசிங்கத்தார் தன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தோலோடு இருந்த ஒரு துண்டை எடுத்தார். தண்ணீர்க் கிளாஸில் குழம்பைக் கழுவினார். ரியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தோலில் ஊதா நிறத்தில் அரை வட்டமும் இரண்டு எழுத்தும் தெரிந்தன. இறைச்சிச் சோதகர் குத்துகிற முத்திரை. இந்த நாட்டவர் கடைப் பன்றியை எப்படித் தின்பார்களோ எனக்குத் தெரியாது. நாங்கள் தோலை விடமாட்டோம். அந்த நாக்குத்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தது.

"இஞ்சை வந்து பாருங்கோ! நியூசிலாந்துக் காட்டிலை பன்றியள் சீல் குத்திக்கொண்டுதான் ஓடுதுகள்!"

மண்டபம் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தவர் முகம் வெளிறி நின்றார். எனக்குக் கோபம் வந்தால் முன்பின் பார்க்க வராது. எழுந்தேன்.

"வாற வருசம் இதே மேசைக்கு உண்மையான காட்டுப் பன்றி வரும். தலையோடை வரும். வராட்டி நாங்கள் இந்த மண்டபத்துக்கை காலடி வைக்க மாட்டம்."

"சரி, மிஸிஸ் பற்றிக்," என்றார் இரத்தினசிங்கத்தார். "எழுதி வைப்பம்." உண்மையிலேயே கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் எழுதியும் வைத்தார்.

அதற்குப் பிறகு என் கணவருக்குப் பெயர் சீல் பற்றிக். சான்ட்ரிங்ஹாம் கடையில் பருப்பு வாங்கிக்கொண்டு நிற்கும்போது யாரோ பின்னாலிருந்து "அண்ணை, பருப்பிலை சீல் இருக்கோ?" என்று கேட்க, பையை அப்படியே வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். பூசைக்குக் கடைசி வாங்கில் உட்காருவார். முடியுமுன் எழுந்து காருக்குப் போய்விடுவார். வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே சவரம் செய்கிற மனிதர், இப்போது தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பன்றித் தலை ஒன்றுதான் மூடும் என்று நான் முடிவெடுத்தேன்.

ஒரு நாள் நேரே கேட்டேன். "இரண்டு தரம் போனனீங்கள். பன்றியைக் கண்டனீங்களோ இல்லையோ?"

"கண்டன். ஏழு வெடி வைச்சன்."

"பிறகென்ன?"

"ஓடிச்சுது."

"பன்றி ஓடாமல் குந்தியிருந்து பேப்பரே வாசிக்கும்?"

"எங்கட ஊரிலை நிண்டு தரும்," என்றார், பாவமாக. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய அப்பா நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு வேட்டைக்குப் போவாராம். வெளிச்சம் கண்ணில் பட்டதும் மிருகம் திகைத்து நிற்குமாம். நின்றதைச் சுடுவதுதான் பற்றிக் கண்ட வேட்டை. ஓடுகிற ஒன்றைச் சுடலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதே இல்லை.

ஆல்பனிக்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கில், ஓடுகிற குறியைச் சுட்டுப் பழகுகிற கிளப் ஒன்று இருந்தது. இவரைத் தனியே விட்டால் போகமாட்டார் என்று நானும் சேர்ந்தேன். எனக்கும் லைசென்ஸ் வேண்டும். அதற்குப் பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து கணவரைத் தனியே உட்காரவைத்து, உன் மனைவி கையில் துவக்குக் கொடுத்தால் ஆபத்து இல்லையா என்று கேட்பார். பற்றிக் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். சமையலறையிலிருந்து நான் தொண்டையைச் செருமிய பிறகுதான் "ஆபத்தில்லை" என்றார்.

கிளப்பில் பயிற்சிக்குப் பொறுப்பு மெரே என்கிற மாவோரிப் பெண். ஐம்பது வயது, பாடசாலை பஸ் ஓட்டுகிறவள். ஏழு வருஷமாக எங்கள் மண்டபத்தில் எனக்கு மிஸிஸ் பற்றிக் என்றுதான் பெயர். மெரே முதல் நாளே என் பெயரைக் கேட்டு, மூன்று தடவை சொல்லிப் பார்த்து, நான்காவது தடவை சரியாக "அற்புதம்" என்றாள்.

ஐம்பது மீற்றருக்கு அப்பால் இரண்டு மண்மேடுகள். நடுவே பத்து மீற்றர் வெளி. பலகையில் வரைந்த பன்றி ஒன்றை, பழைய வாஷிங் மெஷினிலிருந்து கழற்றிய மோட்டர் கம்பியால் இழுக்கும். ஒரு மேட்டுக்குப் பின்னாலிருந்து வந்து மற்ற மேட்டுக்குள் மறையும். நடை என்றால் ஐந்து செக்கன், ஓட்டம் என்றால் இரண்டரை. அதற்குள் துவக்கைத் தோளுக்குக் கொண்டுவந்து சுட வேண்டும். பத்து ஓட்டத்தில் ஏழு வெடி தோளுக்குக் கீழே வரைந்த வட்டத்துக்குள் விழுந்தால்தான் கிளப் தன்னோடு வேட்டைக்குக் கூட்டிப்போகும். காயப்பட்ட மிருகம் புதருக்குள் போய் மூன்று நாள் கிடந்து சாகக்கூடாது, அதுதான் காரணம் என்றாள் மெரே. சிறிய தோட்டாப் போடுகிற பயிற்சி றைபிளை என் கையில் தந்தாள்.

நின்ற பலகையை நான் முதல் நாளே தைத்தேன். பல் செய்கிற கை நடுங்காது. பன்றி ஓடத் தொடங்கியதும் என் வீரமெல்லாம் போயிற்று. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மெரே போய்ப் பார்ப்பாள். ஓட்டைகள் வாலில் இருக்கும், அல்லது எங்கேயும் இருக்காது. பன்றி முன்பு இருந்த இடத்துக் காற்றை நான் மிக நன்றாகச் சுடுவதாக அவள் சொன்னாள். மூக்குக்கு முன்னால் பிடி, துவக்கைப் பன்றியோடு கூட்டிக்கொண்டு போ, விசையை இழுக்கும்போது நிறுத்தாதே என்பாள். தலையாட்டுவேன். விசையை இழுக்கிற அந்தக் கணத்தில் என் கை தானாக நிற்கும். பற்றிக்கோ குறி பார்த்துக்கொண்டே இருப்பார். பன்றி அடுத்த மேட்டுக்குள் போய் அரை நிமிஷம் கழித்துச் சுடுவார்.

ஏப்ரலில் பரீட்சை வைத்தார்கள். அவருக்கு இரண்டு, எனக்கு மூன்று. பெருநாளுக்கு முன் இனி ஜூலைக் கடைசியில் ஒன்றுதான்.

நான் விடவில்லை. விளக்குமாற்றைத் தோளில் வைத்துக்கொண்டு, வேலியில் நடக்கிற பக்கத்து வீட்டுப் பூனையைக் குசினி ஜன்னலால் பின்தொடர்வேன். பூனை என்னை வெறுக்கத் தொடங்கியது. பதினான்கு வயது மகள் ஜெசிக்கா சிநேகிதிகளை வீட்டுக்குக் கூட்டிவருவதை நிறுத்திவிட்டாள். வாலுக்குப் பின்னால் விழுகிற வெடி மட்டும் அங்கேயே விழுந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துக்குப் பத்தும் தவறி, காருக்குள் வந்து அழுதேன். பற்றிக் என் தோளைத் தட்டி, "விடுமப்பா. மண்டபத்துக்குப் போகாட்டி என்ன, பூசை எல்லாக் கோயிலிலையும் ஒண்டுதானே," என்றார். அவர் கைவிட்டுவிட்டார் என்பது எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஜெசிக்காவின் வலைப்பந்துப் போட்டி. நானும் ஒரு காலத்தில் மன்னார் கொன்வென்ற் அணியில் மையத்தில் ஆடியவள்; கோட்டோரத்தில் நின்றால் வாய் சும்மா இருக்காது. ஜெசிக்கா பந்தை வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு எறிந்தாள். பந்து அவளுக்குப் பின்னால் விழுந்தது. மறுபடி எறிந்தாள், மறுபடி பின்னால்.

"அவள் நிக்கிற இடத்துக்கு எறியாதை!" என்று கத்தினேன். "போற இடத்துக்கு எறி! எறிஞ்சிட்டுக் கையைச் சுருட்டாதை, பந்துக்குப் பின்னாலை கை போகட்டும்!"

"மம், ஸ்டொப்! எவ்ரிவன் இஸ் லுக்கிங்!"

பார்க்கட்டும். நான் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டேன். மெரே ஐந்து மாதமாக எனக்குச் சொன்னது இதைத்தானே? மன்னார் வெயிலில் ஆயிரம் தடவை செய்த காரியம். ஓடுகிறவளைப் பார்த்து நான் ஒரு நாளாவது குறி பார்த்திருக்கிறேனா? அவள் எங்கே போகிறாள் என்று கைக்குத் தெரியும், எறிந்த பிறகும் கை அவளோடு ஓடும். துவக்கை வாங்கியதும் நான் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி மூச்சைப் பிடித்து, எல்லாவற்றையும் நிறுத்தி, பிறகு சுட்டேன். ஆட்டம் முடிந்து மேல்மூச்சு வாங்க ஓடி வந்த ஜெசிக்காவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். அவள் வெட்கத்தில் செத்துவிட்டாள்.

மறுநாள் பள்ளத்தாக்கில் மழைத் தூறல். மோட்டர் உறுமியது. பன்றி வந்தது. இது பன்றி இல்லை, எனக்குப் பந்து வேண்டுமென்று ஓடுகிற ஒருத்தி என்று நினைத்துக்கொண்டேன். துவக்கு அவளோடு போனது, மூக்கைக் கடந்து ஒரு சாண் முன்னால் போனது, விசை இழுபட்டது, துவக்கு அப்படியே போய்க்கொண்டிருந்தது. பத்து முறை. மெரே பலகைக்குப் போனாள், குனிந்தாள், நிமிர்ந்தாள், தொப்பியைக் கழற்றி ஆட்டினாள். வட்டத்துக்குள் ஆறு. எனக்கு அந்த மழையிலே துள்ள வேண்டும் போலிருந்தது. துள்ளினேன். முதலில் துவக்கை மேசையில் வைத்துவிட்டுத்தான்.

ஜூலைப் பரீட்சையில் எனக்கு எட்டு. பற்றிக்குக்கு ஐந்து. அவர் காருக்குப் போய்க் கதவைச் சாத்தினார். நான் போகவில்லை. என் எட்டுக்காக மன்னிப்புக் கேட்க எனக்கு மனமில்லை. கால் மணி நேரத்தில் அவராகவே வந்தார்.

"பன்றி பாரமாயிருக்கும்," என்றார். "தூக்க ஆள் வேணும். நான் வாறன்."

பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை, ஓக்லாந்திலிருந்து இரண்டு மணி நேரம் வடக்கே, மெரேயின் ஒன்றுவிட்ட சகோதரனுடைய பண்ணைக்குப் போனோம். பெரணிப் புதர் மூடிய பள்ளம் ஒன்று. அதன் ஓரமாகத் தீ பரவாமல் இருக்க வெட்டிய அகலப் பாதை. கிளப்காரர் ஆறு பேர் பள்ளத்தின் மறு முனையிலிருந்து சத்தமிட்டுக்கொண்டு வருவார்கள். பன்றி கிளம்பினால் அந்தப் பாதையைக் கடக்கும். எதிரே உயர்ந்த மண்மேடு இருக்கிற ஒரு துண்டுக்கு இரண்டு பக்கமும் மெரே வெள்ளைத்துணி கட்டியிருந்தாள். அந்த இரண்டு துணிக்கும் நடுவே மட்டும்தான் சுடலாம். அளந்தது போலப் பத்துப் பன்னிரண்டு மீற்றர்.

இந்த முறை கையில் இருந்தது பற்றிக்கின் பெரிய றைபிள். அவர் என் பின்னால் தேநீர்ப் போத்தலோடு குந்தியிருந்தார். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு தூரத்தில் விசில். புதர் அசைந்தது. கறுப்பாக ஒன்று வெளியே பாய்ந்தது. துவக்கு தோளுக்கு வந்துவிட்டது.

"சுடும், சுடும்!" என்று பற்றிக் காதுக்குள் பதறினார்.

அதற்குப் பின்னால் கோடு போட்ட குட்டிகள், ஒன்று, இரண்டு, ஐந்து. துவக்கைத் தாழ்த்தினேன். தாய் குட்டிகளோடு மறு பக்கம் போய் மறைந்தது.

"விட்டிட்டீரே!" பற்றிக்கின் குரல் உடைந்தது. ஒரு வருஷத்து அவமானமும் அந்தக் குரலில் இருந்தது. "இனி எங்கை வரப்போகுது?"

"தாயைச் சுட்டு அந்தத் தலையை மாதாவின்ரை பெருநாளுக்கு வைக்கச் சொல்லுறியளோ? பேசாமல் இருங்கோ."

 எனக்குள்ளும் பயம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இன்றைக்கு இல்லையென்றால் இல்லை. கூச்சல் நெருங்கி வந்தது. ஆட்களின் விசில் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தால், சற்றுத் தள்ளி நின்ற மெரே கையைத் தூக்கி நிறுத்திவிடுவாள்.

அப்போது வந்தது. வெளியே வரும்போதே முழு ஓட்டம். தனிக் கடுவன், பெரிய ஆண் பன்றி, தோள் உயர்ந்து, காதோரம் மயிர் சிலிர்த்து, முதல் வெள்ளைத்துணியைக் கடந்தது. பலகைப் பன்றியைவிட இரண்டு மடங்கு வேகம். எனக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை, நல்ல காலம். அது போகிற இடத்துக்குத் துவக்கு முன்னே போய்விட்டது. வெடித்த பிறகும் நான் நிறுத்தவில்லை. கண்ணும் கையும் அதனோடு போயின. அதனால்தான் கண்டேன், நாலு பாய்ச்சல் பாய்ந்து, இரண்டாவது துணிக்கு அருகே முன்னங்கால் மடிந்து, மூக்கு மண்ணில் உழுது, அப்படியே கிடந்ததை. துடிக்கவில்லை.

பற்றிக் தேநீர்ப் போத்தலை எறிந்துவிட்டு எழுந்தார். நான் கையைப் பிடித்து நிறுத்தி, மெரேயின் கை உயரும்வரை காத்திருக்கச் செய்தேன். பிறகு ஓடினோம். தோளுக்குக் கீழே, பலகையில் வட்டம் வரைந்திருக்கிற அதே இடத்தில், ஒரே ஒரு ஓட்டை. என் கணவர் அந்தச் சேற்றில் முழந்தாளிட்டு வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். பள்ளத்திலிருந்து கார் வரைக்கும் பன்றியின் பின்கால்களைத் தோளில் போட்டு இழுத்தவர், வழி முழுவதும் பாடிக்கொண்டே இழுத்தார்.

அன்று மாலையே பண்ணையில் அவரே வைக்கோல் கொளுத்தி மயிரை வாட்டினார், தோல் கெடாமல். ஓட்டை இருந்த இடத்தில் ஒரு உள்ளங்கையளவு தோலை நான் தனியே வெட்டி உப்பிட்டு எடுத்துவைத்தேன்.

பெருநாள் அன்று கறிச்சட்டிகளுக்கு நடுவே, பெரிய தாம்பாளத்தில், தலை. இரண்டு கொம்புப் பல்லும் வெளியே தெரிய, காதில் ஒரு செவ்வரத்தம் பூவோடு. பூ ஜெசிக்காவின் யோசனை.  இரத்தினசிங்கத்தார் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு தாம்பாளத்தை ஒரு முறை சுற்றி வந்தார். பல்லைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து தொண்டையைச் செருமினார். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: தோற்றால் தோற்றேன் என்று சொல்லத் தெரிந்த மனிதர்.

"சுட்டவனுக்குத் தலை. வழக்கம் வழக்கம்தான். பற்றிக், வாரும், வந்து வாங்கும்."

பற்றிக் எழுந்தார். எல்லோரும் கைதட்டத் தொடங்கினார்கள். அவர் கையை உயர்த்தி அடக்கினார். பொய் சொல்ல வராத மனிதர், தனக்கு வருகிறதைச் செய்தார்.

"போன வருசம் நான் கடையிலை வாங்கினன். இந்த வருசம் என்ரை மனுசி சுட்டவ. ஓடேக்கை சுட்டவ. நான் தூக்கினன், அவ்வளவுதான்."

யாரோ சிரிக்கப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். இரத்தினசிங்கத்தார் என்னைப் பார்த்தார். "அப்ப வாருங்கோ, மிஸிஸ் பற்றிக்."

நான் அசையவில்லை. துவக்கு லைசென்ஸில் அப்படி ஒரு ஆள் இல்லை. அவர் கொஞ்சம் தடுமாறி, என் கணவர் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார். அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

"அவவின்ரை பேர் என்ன?"

பற்றிக் சொன்னார்.

"அற்புதம்!" இரத்தினசிங்கத்தார் மண்டபம் முழுவதற்கும் கேட்கக் கூப்பிட்டார். "அற்புதம், வாருங்கோ. தலை உங்களுக்கு."

போனேன். தாம்பாளம் பாரம். இரண்டு கையாலும் தூக்கி உயர்த்திக் காட்டினேன். வெட்கப்படவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சத்தத்தில் ஜெசிக்காவின் சத்தம்தான் பெரிது. எனக்கு அவ்வளவு சந்தோஷம், கண் நிறைந்து எதிரே இருந்தவர்கள் ஒருவரும் தெரியவில்லை.

தாம்பாளத்தை இறக்கிவைத்துவிட்டு, கைப்பையிலிருந்து அந்தத் தோல் துண்டை எடுத்து இரத்தினசிங்கத்தாரின் கோப்பையில் வைத்தேன்.

"அண்ணை, சீல் இருக்கோ எண்டு பாருங்கோ."

அவர் அதை எடுத்தார். போன வருஷம் போலவே ரியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியே வெளிச்சம் வந்து அவர் கண்ணாடியில் விழுந்தது. நான் செய்த பல் முழுவதும் தெரிய அவர் சிரித்தார்.

"ஓம்," என்றார். "சீல் சரி."